டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: ஸ்கேனில் நெறி கட்டியிருக்கிறதாம்!

சென்ற இதழில் குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஸ்கேன் ரிப்போர்ட்டின் புகைப்படத்தையும் சுமந்து வந்திருக்கின்றன. நோயாளிக்கு என்ன செய்கிறது என்று இரண்டு வரி. ரிப்போர்ட் மட்டும் நான்கு பக்கம். திருப்பிப் போட்டு எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். பல ரிப்போர்ட்டுகளில் ‘மெசென்ட்ரி’ என்ற சொல் வந்து பலரின் தூக்கத்தைக் கெடுத்திருப்பதால் இந்த இதழ் முழுவதும் அதற்கே.

*

டாக்டரம்மா, என் மகனுக்கு எட்டு வயது. சளியும் காய்ச்சலும் வந்து தணியும் நேரத்தில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று அழுதான். ஸ்கேனில் ‘மெசென்ட்ரிக் லிம்ஃப் அடினைடிஸ், பெரிய கணு 14 × 6 மி.மீ.’ என்று எழுதியிருக்கிறார்கள். பாராசிட்டமால் போதும் என்கிறார் குழந்தை மருத்துவர். வயிற்றுக்குள் இத்தனை கட்டிகள் இருக்கும்போது அது எப்படிப் போதும்? டி.பி.யாக இருக்கும் என்கிறார் என் மாமியார். அடுத்த வாரம் மறுபடியும் ஸ்கேன் எடுக்கலாமா?
— ஒரு தாய், கும்பகோணம்

முதலில், அந்தக் குழந்தை மருத்துவரை மாற்றிவிடாதீர்கள் அம்மா. நீளமான மருந்துச்சீட்டு எழுதி உங்களைத் திருப்திப்படுத்துவது அவருக்கு மிகவும் எளிது. அதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்.

சிறுகுடல் ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். முதுகுப்பக்கச் சுவரிலிருந்து புறப்படும் ஒரு சவ்வு மடிப்பு அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதுதான் மெசென்ட்ரி, அதாவது குடல்தாங்கி. புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் செருகும் இடம் நான்கு விரற்கடை, கீழே விரித்தால் முழக்கணக்கில் போகும். குடல்தாங்கியின் வேரும் பெரியவர்களுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர்தான். அதன் விளிம்பில்தான் அந்த ஆறு மீட்டரும் தொங்குகிறது. குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள், நரம்புகள், கொழுப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட நிணநீர்க் கணுக்கள் எல்லாம் அந்த மடிப்புக்குள் இருக்கின்றன. தொண்டை புண்ணானால் கழுத்தில் நெறி கட்டும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். குடலில் வைரஸ் புகுந்தால் இந்தக் கணுக்கள் வீங்கும். உங்கள் மகனுக்கு நடந்திருப்பது அநேகமாக அதுதான். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் சர்வசாதாரணம்.

இப்போது அந்த எண். 14 என்பது கணுவின் நீளம், 6 என்பது அதன் குறுக்களவு. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது குறுக்களவை. முன்பு 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கணுக்கள் மூன்று சேர்ந்திருந்தாலே அடினைடிஸ், அதாவது கணு அழற்சி என்று எழுதிவிடுவார்கள். வலியே இல்லாத பிள்ளைகளுக்கும் அந்த அளவில் கணுக்கள் இருப்பது தெரிந்த பிறகு, குழந்தைகளுக்கு 8 மில்லிமீட்டரை எல்லையாக வைக்கும் மருத்துவர்கள் பலர். உங்கள் பையனின் ‘பெரிய கட்டி’ அந்த எல்லையைத் தொடவே இல்லை.

அந்த ரிப்போர்ட்டில் நான் தேடிய வரி வேறு. குடல்வால் கண்ணில் பட்டதா? நல்லவேளையாக, ‘குடல்வால் தெரிகிறது, விட்டம் 4 மி.மீ., அழுத்தினால் அமுங்குகிறது’ என்று கடைசியில் எழுதியிருக்கிறார்கள். இந்த வரிக்காகவே ஸ்கேன் கட்டணம் தகும். 6 மில்லிமீட்டரைத் தாண்டி, அழுத்தினாலும் அமுங்காமல் நின்றால் குடல்வால் அழற்சி என்று சந்தேகிப்போம். குடல்வால் வீங்கினாலும் பக்கத்திலுள்ள கணுக்கள் வீங்கும். ஆகவே குடல்வாலைப் பார்க்க முடியாமல், கணுக்களை மட்டும் பார்த்துவிட்டு ‘அடினைடிஸ்’ என்று எழுதினால் அதை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாது. சில மணி நேரம் கழித்து ஒரு மருத்துவரின் கை மறுபடியும் வயிற்றில் பட வேண்டும்.

இப்படி ஒரு பிள்ளை வந்தால், கதவிலிருந்து மேஜை வரை எப்படி நடந்து வருகிறான் என்று பார்ப்பேன். பிறகு நொண்டியடித்துக் காட்டச் சொல்வேன். குடல்வால் பழுத்த பிள்ளை ஒரு குதியோடு நின்றுவிடுவான். ‘பரோட்டா வாங்கித் தரவா?’ என்று கேட்பேன். அழற்சி உள்ளவனுக்குப் பெரும்பாலும் பசியே இருக்காது. அவன் பள்ளிக்கூடக் கதை பேசும்போது வயிற்றை மெதுவாக அழுத்தி, முகத்தைப் பார்ப்பேன். பிறகு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சற்றுப் பொறுத்து, அதே இடத்தை மறுபடி தொடுவேன். கணுக்களால் வரும் வலியானால் குடல்தாங்கி சரிவதோடு வலிக்கும் இடமும் சற்று நகர்வதுண்டு. குடல்வால் வலி பெரும்பாலும் பிடித்த இடத்திலேயே நிற்கும். இது எல்லாருக்கும் பொருந்தும் சோதனை இல்லை, ஆனால் காசு செலவில்லாதது. பையனாக இருந்தால் கால்சட்டையை இறக்கி விரைகளையும் பார்த்தே ஆக வேண்டும். விரை முறுக்கிக்கொண்டாலும் பிள்ளைகள் ‘வயிறு வலிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். அதைக் காப்பாற்றக் கிடைப்பது ஆறு மணி நேரம் அளவில்தான்.

உங்கள் மகனுக்கு வேண்டியது பாராசிட்டமால், நீராகாரம், ஓய்வு. ஆன்டிபயாட்டிக் வேண்டாம். குளிர்நாடுகளில் யெர்சினியா என்ற பாக்டீரியா இதே வேடம் போடும். இங்கே பெரும்பாலும் வைரஸ்தான். வலி விட்டுவிட்டு வந்து, ஒன்றிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கும். அவன் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருந்தால், கணு சுருங்கிவிட்டதா என்று பார்க்க மட்டும் ஸ்கேன் எடுக்காதீர்கள். வலி வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குனிந்து பிடித்துக்கொண்டே நடந்தாலோ இரவென்றும் பாராமல் கிளம்புங்கள்.

மாமியாரின் சந்தேகத்தைத் தள்ளிவிட மாட்டேன். நம் நாட்டில் அது நியாயமான சந்தேகம். எடை குறைகிறதா, வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல் வருகிறதா, வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் இப்போதைக்கு அந்தப் பேச்சை நிறுத்திவைக்கலாம்.

*

எங்கள் ஊரில் குழந்தைக்கு வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் குடலேற்றம் என்று சொல்லி, எண்ணெய் தடவி உருவித் தட்டிவிடுவார்கள். பிறகு விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பலருக்குக் குணமாகிறதே?
— வாசகர், பரமக்குடி

குணமாகிறது, உண்மைதான். கணு வீங்கிய வலி தானாகவே போய்விடுவது. யார் தட்டினாலும் போகும், தட்டாவிட்டாலும் போகும். அதே கை, பழுத்த குடல்வால் மீது விழுந்தால்? பேதி மருந்து கொடுத்து, உருவிவிட்டு, குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழோடு அறுவை அரங்குக்கு வந்த பிள்ளைகளை அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்த எந்தச் சர்ஜனும் மறக்க மாட்டார். பாட்டி தலையில் எண்ணெய் வைக்கட்டும். காரணம் தெரியாத வலியோடு இருக்கும் வயிற்றை விட்டுவிடட்டும்.

*

எனக்கு 61 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். சிறுநீரகக் கல்லுக்காகச் சி.டி. எடுத்தார்கள். கல் இருக்கிறது. கூடவே ‘மெசென்ட்ரிக் பேனிகுலைடிஸ், மிஸ்டி மெசென்ட்ரி’ என்று ஒரு வரி. அதைப் பற்றி இணையத்தில் தேடினேன். மூன்றாவது பக்கத்திலேயே லிம்ஃபோமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கல்லைப் பற்றிய கவலையே போய்விட்டது.
— பாளையங்கோட்டை

கல்லைப் பற்றிக் கவலைப்படுங்கள் ஐயா, இப்போதைக்கு அதுதான் உங்களுக்கு வலி கொடுக்கக்கூடியது.

குடல்தாங்கியின் கொழுப்பு சி.டி.யில் சுத்தக் கறுப்பாகத் தெரிய வேண்டும். அந்தக் கொழுப்பில் அழற்சி வந்தால், அதுதான் பேனிகுலைடிஸ், பனிமூட்டம் போலச் சாம்பல் படரும். ‘மிஸ்டி’ என்று எழுதியது அதைத்தான். இதே நோய் முற்றித் தழும்பாகிச் சுருங்கும் நிலையை 1924-இலேயே இத்தாலிய மருத்துவர் யூரா விவரித்தார். பிறகு ஆளுக்கொரு பெயர் வைத்ததால், ஒரே நோய்க்கு ஐந்தாறு பெயர்கள் இணையத்தில் உங்களை மிரட்டுகின்றன. காரணம் இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களிடம், அதிலும் ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இப்போது அடிக்கடி கேள்விப்படுவதற்குப் பெரிய காரணம் சி.டி. இயந்திரங்கள் பெருகியதுதான்.

நீங்கள் படித்துப் பயந்தது எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2000-ஆம் ஆண்டு கிரேக்க மருத்துவர்கள் வயிற்றுச் சி.டி. எடுத்த 7,620 பேரின் படங்களைப் பார்த்ததில் 49 பேருக்கு இந்த மாற்றம் இருந்தது. அதாவது 0.6 சதவீதம். அந்த 49 பேரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோயும் இருந்தது. உடனே ‘பேனிகுலைடிஸ் என்றால் புற்றுநோய்’ என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு பெரிய மருத்துவமனையில் வயிற்றுச் சி.டி. எடுக்க வரிசையில் நிற்பவர்கள் யார்? அவர்களில் கணிசமானோர் ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள். இந்த மாற்றம் இல்லாத, ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிந்தைய ஆய்வுகள் பலவற்றில் அந்த உறவு மங்கிப்போனது. முழுக்க மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் விவாதம் நடக்கிறது. அதனால்தான் படத்தை ஒருமுறை கவனமாகப் பார்ப்பது.

உங்கள் ரிப்போர்ட்டை அப்படித்தான் பார்த்தேன். மாற்றம் இடப்பக்கம், சிறுகுடலின் மேற்பகுதியைத் தாங்கும் இடத்தில் இருக்கிறது. இந்த நோய்க்குப் பழக்கமான இடம். ரத்தக்குழாய்களைச் சுற்றிக் கொழுப்பு ஒரு வளையமாக அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஓரத்தில் மெல்லிய உறைக்கோடு. கணுக்கள் 5 மில்லிமீட்டருக்கும் கீழே. மண்ணீரல் சரியான அளவு. இவை எல்லாமே பேனிகுலைடிஸ் பக்கம் பேசும் சாட்சிகள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய கணுக்கள், பெருந்தமனியை ஒட்டியோ தொடை இடுக்கிலோ வேறு கணுக்கள், ரத்தக்குழாயை நெரிக்கும் திரட்சி, நடுவில் சுண்ணாம்புப் படிவத்தோடு சுற்றிலும் இழுத்துப்பிடித்த தழும்பு — இவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு பாதையில் போயிருப்பேன்: பெட் சி.டி., தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி வழியாகத் திசு எடுப்பது. படத்தைப் பார்த்து மட்டும் லிம்ஃபோமா என்றோ இல்லை என்றோ நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, திசுதான் சொல்லும். ஆனால் சந்தேகமே இல்லாத இடத்தில் ஊசி போட்டுத் திசு எடுப்பது வீண் வேலை.

கணைய அழற்சி, கல்லீரல் சுருக்கத்தால் வரும் நீர்க்கோவை, அடிபட்ட ரத்தக்கசிவு, சமீபத்திய வயிற்று அறுவை எல்லாமே அதே பனிமூட்டத்தைக் காட்டும். உங்களுக்கு இவை இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

வயிற்றுவலி, எடைக்குறைவு, வாந்தி எதுவும் இல்லாதபோது மருந்து தேவையில்லை. தொந்தரவு கொடுத்தால் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்போம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2007-இல் 92 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு டாமோக்சிஃபெனையும் அதோடு சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் வந்தது. அது மார்பகப் புற்றுநோய் மாத்திரை. மருந்துக்கடைக்காரர் ஆண் நோயாளியை ஒருமாதிரி பார்ப்பார்; வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். உங்களுக்கு இரண்டும் வேண்டாம். ஸ்டீராய்டை ‘முன்னெச்சரிக்கையாக’ யாராவது எழுதிக்கொடுத்தால் மறுத்துவிடுங்கள்.

ரத்த எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. மூன்றையும் பார்த்துவிட்டு, உங்கள் வயதுக்கு எப்படியும் செய்ய வேண்டிய பெருங்குடல் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள். சி.டி. படங்கள் உள்ள சி.டி. தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் எப்போதாவது எடுத்தால் ஒப்பிட அதுதான் வேண்டும். ரிப்போர்ட் தாள் அந்த வேலைக்கு உதவாது.

*

மெசென்ட்ரி என்பது புதிதாகக் கண்டுபிடித்த உறுப்பு என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, இத்தனை நாள் நம் உடம்பில் இல்லையா?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

இருந்தது தம்பி. லியனார்டோ டா வின்சியே அதை வரைந்திருக்கிறார். 1885-இல் பிரிட்டிஷ் சர்ஜன் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் அதைத் துண்டுதுண்டான பகுதிகள் என்று விவரித்துவிட, பாடநூல்களும் அதையே பிடித்துக்கொண்டன. அயர்லாந்தில் லிமரிக் பல்கலைக்கழகத்தின் கால்வின் காஃபி, தொடக்கம் முதல் மலக்குடல் வரை அது ஒரே தொடர்ச்சி என்று நிறுவி, 2016-இல் அதை ஓர் உறுப்பாகவே கருத வேண்டும் என்று எழுதினார். பெருங்குடல் அறுவை செய்பவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி கைப்பழக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த ஒன்று. குடலில் நாள்பட்ட அழற்சி வரும் குரோன்ஸ் நோயில் குடல்தாங்கிக் கொழுப்பு குடலின் மேல் ஏறிப் படர்வதை எந்தச் சர்ஜனும் பார்த்திருப்பார்; அந்தக் கொழுப்புக்கு நோயில் என்ன பங்கு என்ற ஆராய்ச்சி இப்போது சூடுபிடித்திருக்கிறது. செய்தியில் உருப்படியான பகுதி இதுதான்.

*

என் மகளுக்கு 20 வயது. மூன்று மாதமாக மாலையில் காய்ச்சல், எடை 7 கிலோ குறைந்துவிட்டது. சாப்பிட்டதும் வயிற்றுக்குள் பந்து உருண்டு ஓடுவது போல இருக்கிறது என்கிறாள். சி.டி.யில் ‘நடுவில் சிதைந்த மெசென்ட்ரிக் கணுக்கள், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் தடிப்பு’. நெஞ்சு எக்ஸ்ரே சரியாக இருக்கிறது. ஒரு மருத்துவர் உடனே டி.பி. மருந்தை ஆரம்பிக்கலாம் என்கிறார். இன்னொருவர் குரோன்ஸ் என்று ஸ்டீராய்டு சொல்கிறார்.
— ஒரு தந்தை, அரியலூர்

இந்தக் கடிதத்துக்கு அஞ்சலில் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டேன்; காத்திருக்கக் கூடாத விஷயம் இது.

கும்பகோணத்துத் தாயிடம் நான் கேட்ட மூன்று கேள்விகளில் எடை, மாலைக் காய்ச்சல் இரண்டுக்கும் இங்கே ‘ஆம்’ என்று பதில் வருகிறது. ஓரம் பளிச்சென்றும் நடு கறுத்தும் தெரியும் கணுக்கள், அந்தச் சந்திப்பில் தடிப்பு இரண்டும் காசநோயை வலுவாகச் சுட்டுகின்றன. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் வயிற்றுக் காசநோய் இல்லை என்றாகிவிடாது. ஆனாலும் குரோன்ஸும் லிம்ஃபோமாவும் இதே இடத்தில் இதே முகத்தோடு வரும். குரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டை மட்டும் கொடுத்து, அது காசநோயாக இருந்துவிட்டால் நோய் உடம்பெங்கும் பரவும். ஆகவே ஸ்டீராய்டைத் தொடாதீர்கள். முதலில் கொலனோஸ்கோபி (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்ப்பது) செய்து, தடித்த இடத்திலிருந்து பல துண்டுகள் எடுக்கட்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் பெரிய தவறு நடக்கும். எடுத்த துண்டுகள் அத்தனையையும் ஃபார்மலின் குப்பியில் போட்டுவிடுவார்கள். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும்; பிறகு கல்ச்சர் செய்ய, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ‘இரண்டு துண்டைச் சலைன் குப்பியில் தனியாகப் போடுங்கள் சார், ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும்’ என்று எண்டோஸ்கோபி அறைக்குள் மகள் போகும் முன்பே கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். ஜீன்எக்ஸ்பர்ட் என்பது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை. அதில் கிருமி தெரிந்தால் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டி.பி. மருந்து வேலை செய்யுமா என்பதும் அன்றே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருள் இல்லை. வயிற்றுக் காசநோயில் கிருமிகள் எண்ணிக்கையில் குறைவு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் அதை எடுத்து, காசநோயில் கூடும் ஏ.டி.ஏ. என்ற நொதியின் அளவைப் பார்ப்பார்கள். காசநோய்க்காகத் தோலில் போட்டுப் பார்க்கும் மான்டூ ஊசி நம் நாட்டில் இதற்கு அவ்வளவாக உதவாது. முதிர்ந்தவர்களில் பலருக்கும் தோல் தடிக்கும்.

காசநோய் என்று முடிவானால் ஆறு மாத மருந்து: இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. வயிற்றுக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும் என்பதைச் சென்னை சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனமே ஆய்வு செய்து காட்டியிருக்கிறது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், பதிவு செய்துகொள்ளுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது. கண் மஞ்சளித்தால் மட்டும் அன்றே வாருங்கள். சிகிச்சை தொடங்கியும் அந்தப் ‘பந்து’ உருள்வது நிற்காமல் போகலாம். கிருமி செத்த பிறகும் தழும்பு குடலைக் குறுக்கும். அதற்கு வழி இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

*

அம்மாவுக்கு 72 வயது. இதயத்துடிப்பு ஒழுங்காக இல்லை என்று ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தார். பல் பிடுங்குவதற்காக அவராகவே நிறுத்திவிட்டார். சில நாட்களில் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. முதலில் பார்த்த இடத்தில் வயிறு மென்மையாகத்தான் இருக்கிறது, கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துவிட்டார். இதுவும் மெசென்ட்ரி அழற்சியா?
— ஒரு மகள், திருப்பூர்

இல்லை அம்மா, இது அழற்சியில் தொடங்குவதில்லை. குடல்தாங்கிக்குள் ஓடும் பெரிய தமனியில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. துடிப்பு ஒழுங்கற்ற இதயத்தில் உறைந்த கட்டி அங்கிருந்து கிளம்பி வந்திருக்கும். வலியால் நோயாளி உருளுவார். வயிற்றைத் தொட்டால் பஞ்சாக இருக்கும். இந்தப் பொருந்தாமையே அடையாளம். வயிறு கல்லாக இறுகும் நேரத்தில் குடல் அழுகத் தொடங்கியிருக்கும். கையில் இருப்பது சில மணி நேரம்தான். ரத்தக்குழாய்கள் தெரியச் சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஒன்றுதான் இதை நேரத்தோடு காட்டும். சாதாரண அல்ட்ராசவுண்டில் வாயு மறைத்துவிடும். ரத்தத்தில் லாக்டேட் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்தும் ஆறுதல் அடைய முடியாது, அது பிந்தித்தான் ஏறும்.

இதயத்துடிப்புக் கோளாறு உள்ள முதியவருக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால், கேஸ் என்ற சொல்லை ஏற்றுக்கொள்ளும் முன் ‘ரத்த ஓட்டத்தைப் பார்த்தீர்களா?’ என்று கேளுங்கள். சாப்பிட்ட அரைமணியில் ஒவ்வொரு முறையும் வலித்து, சாப்பிடவே பயந்து இளைத்துப்போகும் புகைப்பழக்கக்காரர்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். அவர்களுக்குத் தமனி மெல்ல மெல்ல அடைபடுகிறது.

அம்மாவுக்கு இனி அந்த மாத்திரை விடாமல் வேண்டும். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2-இலிருந்து 3-க்குள் நிற்கிறதா என்று தவறாமல் பாருங்கள். அடுத்த முறை பல் மருத்துவரிடம் போகும் முன் இதய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பற்களை மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கலாம். ரத்தத்தை அங்கேயே பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்திவிட முடியும்.